ஒரே தாளில் எட்டு விதிகள்

இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிகளின் கைக்குப் போய்ச் சில வருடங்களான பிறகு, மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஒரு புதிய மனேஜர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து கொழும்பில் படித்தவர், நாற்பது வயதிருக்கும். நான் அப்போது ஆபிசில் டைப்பிஸ்ட். தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து அந்த ஆபிசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்தான். என் அம்மா அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

வந்த முதல் வாரத்திலேயே அவர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார்.

“இனி என்னைத் துரை எண்டு ஒருத்தரும் கூப்பிட வேண்டாம். இஞ்ச ஒருத்தரும் பெரியாள் இல்லை, ஒருத்தரும் சின்னாள் இல்லை. எல்லாத்தையும் லேசாக்குவம்.”

அதுவரை தொழிலாளிகள் ஆபிசின் பின்பக்கம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். மழை பெய்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும். ஒரு நாள் லீவு கேட்கக்கூட கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர் என்று மூன்று பேரைத் தாண்டி வர வேண்டும். இதையெல்லாம் நிறுத்தப்போவதாக மனேஜர் சொன்னார். அலமாரி நிறைய இருந்த பழைய சுற்றறிக்கைகளை என் மேசையில் கொண்டுவந்து போட்டார்.

“இவ்வளவையும் ஒரே தாளில தமிழில எழுதித் தாரும். உம்மட அம்மா வாசிச்சா விளங்க வேணும்.”

அந்தச் சொல்லில் நான் விழுந்துவிட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து எட்டு விதிகள் எழுதினேன். யாரும் முன்வாசல் வழியாக வரலாம். யாரும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. குறை இருந்தால் யாரும் மனேஜரிடம் நேரில் சொல்லலாம், அதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. இங்கே பெரியாள் சின்னாள் இல்லை, எல்லோரும் எல்லா வேலையும் செய்யலாம். இப்படி எட்டு. அவர் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாளைக் கண்ணாடி போட்டு முன்வாசலில் மாட்டினார். அன்றைக்கு நான் லயத்துக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

ஆனாலும் மூன்று மாதமாக முன்வாசல் வழியாக ஒருவரும் வரவில்லை. பழக்கதோஷத்தில் எல்லோரும் சன்னலுக்கே போனார்கள்.

முதலில் வந்தது என் அம்மா.

பிள்ளைக்காம்பிராவின் கூரைத் தகரம் ஓட்டையாகி, மழை நேராகத் தொட்டில்களில் விழுந்துகொண்டிருந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இரண்டு குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி கட்டிவிட்டது. கங்காணியிடம் பல தடவை சொல்லியாயிற்று. காலையில் அம்மா என்னிடம் சொன்னார்: “நீதானே எழுதுன, யாரு வேணும்னாலும் போய்ச் சொல்லலாம்னு? இன்னைக்கு நான் போறேன்.”

நல்ல மழை. கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தது அம்மாவுக்குத் தெரியாது. இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கும் காலில் சேற்றுச் செருப்புமாக முன்வாசல் வழியாக உள்ளே வந்து, அவர்கள் எதிரிலேயே, “ஐயா, புள்ளக்காம்பிரா ஒழுகுதுங்க. புள்ளைங்க நனையுதுங்க. வந்து ஒரு தடவ பாருங்க” என்றார்.

மனேஜர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார். “கட்டாயம் பார்ப்பம் அம்மா” என்றார். வந்தவர்கள் தலையாட்டி மெச்சினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்களுடைய வாகனம் வளைவில் மறைந்ததும் அவர் என் மேசைக்கு வந்தார். சிவப்புப் பாலிஷ் போட்ட தரையில் அம்மாவின் கால் தடங்கள் வாசலிலிருந்து அவர் அறை வரைக்கும் கிடந்தன.

“உம்மட அம்மாவுக்கு எங்க நிக்கிறதெண்டு தெரியேல்ல. துணி எடுத்துத் துடையும்.”

தரை துடைக்க ஆபிசில் ஆள் இருந்தார். நான் மனேஜரைப் பார்த்தேன்.

“என்ன பாக்கிறீர்? இஞ்ச பெரியாள் சின்னாள் இல்லையெல்லோ. எல்லாரும் எல்லா வேலையும் செய்யலாம்.”

இரண்டு கிளாக்கர்களும் பார்த்துக்கொண்டிருக்க, முட்டி போட்டுத் துடைத்தேன். நான் எழுதிய நாலாவது விதி அது. நான் எழுதியதை வைத்தே என்னை மண்டியிட வைத்தார். மறுநாள் காலை, ஆள் பிரித்து வேலை கொடுக்கும் பெரட்டில் அம்மாவின் பேரைக் கொழுந்து வேலையிலிருந்து எடுத்து, எட்டாம் நம்பர் மலையில் புல்லு வெட்டப் போட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர் அந்தச் செங்குத்தான மலையில் தினமும் ஏறி இறங்கினார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கோபம் ஒருவேளை ஆறியிருக்கும்.

நான் காத்திருந்தேன். ஆபிசில் அவரோடு முகம் கொடுத்துப் பேசினேன், டீ ஊற்றிக் கொடுத்தேன், சிரித்தேன். ஒன்றரை வருடம்.

இதற்குள் எங்கள் ஒற்றைத் தாள் கம்பெனி முழுவதும் பேர் வாங்கிவிட்டது. மற்றத் தோட்டங்களிலும் இதைக் கொண்டுவர அவரைக் கொழும்புக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கு முன், தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களும் கம்பெனிப் பெரியவர்களும் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களிடம் பேச மூன்று பெண்களைத் தெரிவு செய்து, என்ன சொல்ல வேண்டும் என்று மனேஜரே சொல்லிக்கொடுத்தார். அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல என்னை நியமித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று பேரின் வீட்டுக்கும் போனேன்.

“அக்கா, சொல்லிக் குடுத்தத சொல்லாதீங்க. உள்ளத மட்டும் சொல்லுங்க. நான் ஒரு சொல்லு விடாம சொல்லிர்றேன்.”

“வேல போயிருமேம்மா” என்றார் ஒருவர்.

“போனா என் வேலதான் போகும்.”

அந்த நாளில் ஆபிஸ் முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா, கண்ணாடிக்குள் இருந்த தாளைக் காட்டி, குறை சொல்ல யாராவது இந்த வாசல் வழியாக வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடுவில் நின்றவர் சொன்னார்: “ஒருத்தங்க வந்தாங்க. புள்ளக்காம்பிரா ஒழுகுதுன்னு சொன்னாங்க. மறுநாளே அவங்கள புல்லு வெட்ட அனுப்பிட்டாங்க. கூரை இன்னும் ஒழுகுது.”

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மனேஜர் என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பிடியே சொல்லாதையும். மாத்திச் சொல்லும்” என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். “அப்படியே சொல்ல வேண்டாம், மாற்றிச் சொல் என்று மனேஜர் என்னிடம் சொல்கிறார்” என்று, நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில்.

அவருடைய காதுகள் சிவந்தன. அந்தச் சிவப்பை இன்றைக்கும் என்னால் கண்ணுக்குள் கொண்டுவர முடியும். அந்த வெள்ளைக்கார அம்மா கேட்டார், அந்தப் பெண் இப்போது எங்கே என்று.

“எட்டாம் நம்பர் மலையில் இருக்கிறார். அவர் என் தாய்” என்றேன். தரை துடைத்த கதையையும் சொன்னேன். யாரும் அதைக் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

அந்த மாதமே பிள்ளைக்காம்பிராவுக்குப் புதுத் தகரம் வந்தது. அம்மா கொழுந்துக்குத் திரும்பினார். மனேஜருக்குக் கொழும்பு கிடைக்கவில்லை. வலப்பனைப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். எனக்கும் வேலை போயிற்று, ஹட்டனில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பிக்கப் போனேன். அடுத்து வந்த மனேஜர் தாளைக் கழற்றி முன்வாசலையும் பூட்டினார். பெண்கள் மறுபடி பின்பக்கச் சன்னலில் நின்றார்கள். அதற்கு நானும் ஒரு காரணம்தான், தெரியும்.

ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பழைய மனேஜரை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி கொட்டி, மெலிந்திருந்தார். அவரே கிட்ட வந்தார்.

“நான் நல்லதுக்குத்தான் தொடங்கினனான். நீர் எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டீர்.”

“ஆமாங்க, நான்தான்” என்றேன். “வேணும்னுதான் செஞ்சேன்.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் பஸ் வந்துவிட்டது. சன்னலோர இடம் கிடைத்தது. நோர்வூட் போய்ச் சேரும்வரை எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று பிறகு பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.