நடந்தாக்கா

"ஒருவேளை நடந்தா?" என்று தெற்கு மாட வீதி இளநீர்க்காரரின் கட்டை விரலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார் தங்கபுஷ்பம். "அருவா ஒரு நூலு வெலகட்டும். எளநி பாதி, வெரலு பாதி. அப்புறம் என்ன செய்வீய?"

இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "காலங்காத்தால இன்னா யக்கா நீ!" என்றார். அதற்குள் கைப்பையிலிருந்து பாலிசி பாரம் வெளியே வந்துவிட்டது.

தங்கபுஷ்பம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கணவர் ராஜரத்தினத்துக்கு உஸ்மான் ரோட்டில் துணிக்கடை. ஆதியில் இவரும் அங்கேதான் கல்லாவில் உட்கார்ந்தார். நைலக்ஸ் புடவை கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "எடுங்க, நல்லாத்தான் இருக்கு. அடுப்படியில பத்திக்கிட்டா?" என்று விசாரித்தால் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்? ராஜரத்தினமே கையைப் பிடித்து அழைத்துப்போய் ஏஜென்சி எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அம்மாளுக்குக் கொண்டாட்டம்தான். பஸ் படியில் தொங்குகிறவன், தளர்ந்து ஆடும் பால்கனி, குளத்துப் படியில் பாசி என்று எதைப் பார்த்தாலும் கண் பளபளக்கும். இதில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. மழை வரும்போலிருக்கிறது என்று சிலர் குஷியாகச் சொல்வார்களே, அந்த மாதிரி. சித்திரகுளத்துக் கிச்சா மாமா, "ஆத்துக்குள்ள வந்து அபசகுனமாப் பேசிண்டு! வாயை அலம்புடீம்மா!" என்று கத்தினார். கத்தி முடித்து இரண்டு பாலிசி எடுத்தார். "ஒருவேளை நடந்தா" என்ற கேள்வி அக்காவோடு ஒட்டிக்கொண்டு, வட்டாரம் முழுக்க அவர் பெயரே நடந்தாக்கா ஆகிவிட்டது.

இந்த 1976 மார்ச் கடைசியில் நாற்பத்தொன்பது பாலிசி சேர்ந்திருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஐம்பது பிடித்தால் கம்பெனி சுவர்க்கடிகாரம் தரும். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் கிர்ஸ்டன். டென்மார்க்குக்காரி, கச்சேரி ரோட்டு மாடியறையில் தங்கி மிருதங்கம் கற்கிறாள். அதே தேதிக்குள் விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்துக் காட்டாவிட்டால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும், ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது.

எலும்பு முறிந்தால் வாரா வாரம் தருவது ஒன்று; அதில் ஆள் போனால் ஏதோ கொஞ்சம்தான். ஆளே போய்விட்டால் வேண்டியவர்களுக்குப் பெரிய தொகையாகத் தருவது இன்னொன்று. இரண்டும் எடுக்க அவளுக்குக் கட்டுபடியாகாது.

"எனக்கு எது பொருத்தம்?" என்று கிர்ஸ்டன் தன் புத்தகத் தமிழில் கேட்டாள்.

"உக்காந்து சொன்னா தெரியுமா? கூட நடந்து பாத்தாத்தான் தெரியும். வாட்டி!"

முப்பதாம் தேதி முழுக்க இருவரும் நடந்தார்கள். கிர்ஸ்டன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஜல்லிக் குவியலில் ஏறினாள். லஸ் முனையில் ஓடும் பஸ்ஸில் தொற்றினாள். எருமைக்கு வாழைப்பழம் கொடுத்தாள்; சீப்பு முழுவதும் வேண்டுமென்று எருமை துரத்தியது. பின்னால் ஓடி வந்த தங்கபுஷ்பம் சிரிப்புத் தாங்காமல் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "எலும்பு! சந்தேகமே இல்ல, ஒனக்கு எலும்புதாம்ட்டி!" என்று கூவினார்.

மறுநாள் ஆபீசில் கிர்ஸ்டன் தானே பாரத்தைப் பூர்த்தி செய்தாள். வாங்கிப் பார்த்த குமாஸ்தா ஜவஹர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யக்கா, இன்னா இது? ஆள் போயிட்டா துட்டு யாருக்குன்னு ஒரு கட்டம் கீதுல்ல, அதுல உன் பேரு! ஒறவுன்ற எடத்துல அக்காவாம்!"

"ஏன், தவறா?" என்றாள் கிர்ஸ்டன். "எல்லோரும் இவரை அக்கா என்றுதானே அழைக்கிறார்கள். நானும் அழைக்கிறேன்."

"ஏம்மா, ஊர்ல கீறவங்கள்லாம் கூப்டா ஒறவாயிடுமா? ஏஜென்ட்டே நாமினியா இருக்கக்கூடாது. ரெண்டுல ஒண்ணுதான். அப்பா பேரு போடு."

"அப்பா இல்லை. அம்மாவும் இல்லை. அக்கா இருக்கிறார்."

அப்படித்தான் சொன்னாள், பஸ் நம்பர் சொல்வதுபோல. முந்தின நாள் பார்த்த எருமையும் பஸ்ஸும் ஜல்லியும் தங்கபுஷ்பத்தின் கண்ணுக்குள் வந்தன. இப்போது ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை. ஒருவேளை நடந்தால், பணத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கப்போவது இவரிடம்!

"நடக்காதுட்டி," என்றார் அவசரமாக. "ஒண்ணும் நடக்காது."

"சரியாப் போச்சு! நீயே இப்டி சொன்னா எவன் பாலிசி எடுப்பான்?" ஜவஹர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலு அடிக்கப் போவுது. நம்பரயா, பேரயா, எத்தக் கோடு போட்டு அடிக்கிறது, சொல்லு. உன் ஏஜென்ட் நம்பர அடிச்சுட்டா அம்பதாவது கேஸ் உன்து இல்ல, கடியாரமும் இல்ல. நல்லா ரோசன பண்ணிக்கோ."

"பேனாவக் குடுய்யா."

தன் ஏஜென்ட் நம்பரின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தார் தங்கபுஷ்பம். பிறகு, வெள்ளைக்காரியின் கோணல் எழுத்தில் 'அக்கா' மங்கலாகத் தெரிந்ததால், அதன் மேலேயே இன்னொரு தரம் நன்றாக அழுத்தி எழுதினார்.