புகார்க் கடிதமும் தேங்காய்ப்பட்டணம் கடலும்

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அப்போது நான் மார்த்தாண்டத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சற்று வெளியே ஒரு தனியார் நீச்சல் குளம். காலை ஆறு முதல் ஏழு வரை பெண்களுக்கான பயிற்சி நேரம். கல்லூரியில் படித்தபோது பல்கலைக்கழக அணிக்காக நீந்தியவள் நான். கல்யாணம், பிள்ளைகள் என்று பத்து வருடம் விட்டுப்போனதை முப்பத்தாறு வயதில் மறுபடியும் பிடித்திருந்தேன். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கான மூத்தோர் நீச்சல் போட்டிக்காக என்னோடு இன்னும் நான்கு பேர் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளத்தில் என்னைவிட வேகமாக நீந்த ஆள் கிடையாது. அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்படியே நடந்துகொள்வேன்.

அந்த மாதம்தான் புதிதாக மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டிக்கு அவர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மஸ்கட்டில் நர்சாக இருந்துவிட்டுத் திரும்பி, மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர். தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்.

அவர்கள் நீந்துகிற விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சுவரருகே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பத் தெரியாது. கையால் சுவரைத் தொட்டு நின்று, பிறகு கிளம்புவார்கள். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் மிச்சம் வைக்க வேண்டுமாம், காலை உதைக்கவே மாட்டார்கள். அதிலும் அந்த நர்ஸ் நாலு வீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலத் தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பார். இருபத்தைந்து மீட்டர் குளத்தில் அப்படி என்னதான் பார்க்க இருக்கிறது என்று நாங்கள் உடை மாற்றும் அறையில் சிரித்துக்கொள்வோம். நான் வேகமெடுத்து வரும்போதெல்லாம் முன்னால் அவர்களில் ஒருவர் நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார். என் நேரக்கணக்கு கெட்டுப்போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நர்ஸே என்னிடம் வந்தார். "மேடம், ஞாயிற்றுக்கிழம எங்க கடல்ல நீந்த வாறீங்களா? அண்ணனுக்க வள்ளம் கூட வரும். ஒண்ணும் பயப்படண்டாம்" என்றார். பயமா, எனக்கா? உடனே சரி என்றேன். அவர்களுக்கு நீச்சல் என்றால் என்னவென்று காட்டிவிடலாம் என்ற எண்ணம்தான்.

அழைப்பை ஏற்றுக்கொண்ட இரண்டாம் நாள், குளத்து நிர்வாகியிடம் ஒரு கடிதமும் கொடுத்தேன். டிரையத்லான்காரர்களால் எங்கள் பயிற்சி பாழாகிறது, அவர்களை மதிய நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். மதியம் அந்த நர்ஸுக்கு டியூட்டி இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஞாயிறு காலை கடல் அமைதியாகத்தான் இருந்தது. கரைக்கு இணையாக முக்கால் கிலோமீட்டர் நீந்தி, அங்கே மிதக்கவிட்ட ஒரு மஞ்சள் கேனைச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்த மூவரும் இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நர்ஸின் அண்ணன் ஓட்டிவந்த வள்ளப் படகிலிருந்து குதித்தேன்.

முதல் சில நிமிடங்கள் அற்புதமாக இருந்தன. மூவரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டேன். வள்ளம் அவர்களோடு மெல்ல வந்துகொண்டிருந்தது. ஆனால் குளத்தில் தரையில் வரைந்திருக்கும் கறுப்புக்கோடு கடலில் இல்லை. எனக்கு இடப்பக்கம் மட்டுமே மூச்சு எடுத்துப் பழக்கம். இடப்பக்கம் முழுவதும் கடல். கரை இருந்த வலப்பக்கத்தை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. அலை என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. திடீரென்று ஒரு பெரிய இரைச்சல். தலையைத் தூக்கினால், முன்னால் தூண்டில் வளைவு. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கும் ராட்சதக் கற்கள். அலை அவற்றில் மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. கையும் காலும் எனக்குச் சொந்தமில்லாதவை போல அடித்துக்கொண்டன. எத்தனையோ பதக்கம் வாங்கியவள், நீச்சலே தெரியாதவளைப் போலத் தத்தளித்தேன்.

அப்போது யாரோ என் தோளுக்கடியில் ஒரு மிதவையைத் திணித்தார்கள். அந்த நர்ஸ்தான். நான் திசை மாறுவதைக் கண்டதும் குறுக்கே நீந்தி வந்திருக்கிறார். கற்களுக்கு அருகே வள்ளம் வர முடியாது. வந்தால் பலகை உடைந்துவிடும்.

"மல்லாந்து கிட மக்கா. ஒண்ணும் செய்யண்டாம். மூச்சு மட்டும் விடு."

மேடம் என்று அழைத்தவர் மக்கா என்கிறார் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. மிதவையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். ஓர் அலை எங்கள் இருவரையும் தூக்கிக் கல்பக்கம் கொண்டுபோனது. அவர் எனக்கும் கல்லுக்கும் நடுவே வந்துகொண்டார்.

"உனக்குக் காலு நல்லா உண்டு. அடி, விடாம அடி. போற வழிய நான் பாத்துக்கிடுவேன்."

அடித்தேன். வாழ்நாளில் அப்படிக் காலை உதைத்ததில்லை. அவர் ஒரு கையால் மிதவையைப் பிடித்து இழுத்தபடி, அடிக்கடி தலையைத் தூக்கித் தூக்கி வள்ளத்தைப் பார்த்து எங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எதற்காக அப்படித் தலையைத் தூக்கிப் பழகினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தள்ள, அவர் திருப்ப, இரைச்சல் மெல்லப் பின்னால் போனது.

வள்ளத்தில் ஏறியதும் அவருடைய அண்ணன் தங்கையைத்தான் திட்டினார். "ஏட்டி, கல்லுக்க பக்கம் போவாதன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்!" அப்போதுதான் பார்த்தேன். அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கல்லில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்திருந்தது. அவரோ ஆஸ்பத்திரியில் யாருக்கோ கட்டுப் போடுவதைப் போல நிதானமாகத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அழுதுகொண்டே கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நேத்தே தெரியும். குளத்து ஆபீஸ்ல காட்டினாவ" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் என்னை வர விட்டீங்க?"

"கூப்பிட்டது முன்னாடி, லெட்டரப் பாத்தது பின்னாடி. கூப்பிட்ட ஆள வரண்டாம்னு சொல்ல முடியுமாக்கும்?" என்றவர், கையில் சுற்றிய துண்டை இறுக்கி முடிந்துகொண்டே, "கோவம் வராம இல்ல. நீங்க எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நிர்வாகியிடம் போனேன். மதிய நேரத்துக்கு மாற்றும் அறிவிப்பு அதற்குள் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. நினைத்தபோதெல்லாம் மாற்ற இது என்ன விளையாட்டா என்று அவர் கோபப்பட்டார். தவறு என்னுடையதுதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். புதிதாக ஒரு கடிதம் எழுதி, எங்கள் குழுவில் மூன்று பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். ஒருவர் மட்டும் கடைசிவரை போடவில்லை. அறிவிப்பு கிழிக்கப்பட்டது. நிற்காமல் நீண்ட தூரம் நீந்துபவர்களுக்கு ஒரு லேன், வேகப் பயிற்சிக்கு இரண்டு லேன் என்று நாங்களே பேசிப் பிரித்துக்கொண்டோம். அந்த நர்ஸுக்கு நான் குட்டிக்கரணத் திருப்பம் சொல்லிக்கொடுத்தேன். வலப்பக்கம் மூச்சு எடுக்க அவர் என்னைப் பாடாய்ப்படுத்திப் பழக்கினார்.

அந்த வருடமே அவர் டிரையத்லானை முழுதாக முடித்தார். நான் என் போட்டியில் வெண்கலம் வாங்கினேன்.

இன்றும் நான் தன்னம்பிக்கை குறைந்தவள் அல்ல. ஆனால் யாரைப் பற்றியாவது குறை எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், அவர்களிடம் நேரில் ஒரு வார்த்தை பேசிவிட்டேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பல சமயம் அந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.