ஒன்பது கண் பாலம்

அந்த ரயில் சிமுலேட்டரில் பாலங்களுக்குப் பஞ்சமே இல்லை. பனி மூடிய பள்ளத்தாக்கைத் தாண்டும் கல் பாலம், அந்தரத்தில் வளைந்து போகும் இரும்புப் பாலம், கப்பல் வந்தால் நடுவில் பிளந்து தூக்கிக்கொள்ளும் பாலம் என்று எல்லாம் இருந்தன. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. சமயநல்லூருக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே ஓர் ஓடையின் மேல், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. கருங்கல் தூண்கள், மேலே இரும்பு உத்திரங்கள், அதற்கு மேல் தண்டவாளம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

எல்லாம் என் அண்ணனுக்காக. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. மதுரை கே.கே. நகரில் வாடகை வீட்டில் அம்மா, அண்ணன், நான். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பம்புசெட் கடையில் வேலை பார்த்தான். அதற்கு முன்னால், ரயிலில் உதவி டிரைவர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் செய்து, கண் பரிசோதனையில் விழுந்திருந்தான். நிறம் பிரித்துப் பார்ப்பதில் கோளாறு என்று டாக்டர் எழுதிவிட்டார்.

வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை. "காலைலேர்ந்து வரிசைல நின்னு எனக்குக் கண்ணே இருட்டிட்டு வந்துச்சும்மா. அந்த டாக்டரு ஒரு நிமிசம்கூட சரியாப் பாக்கல" என்று அண்ணன் சொன்னதை, அம்மா வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். நானும் நம்பினேன். தக்காளி வாங்கும்போது அவன் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பான். அதை எல்லோரும்தானே செய்கிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

தண்டவாளத்துப் பக்கம் போனாலே அவன் முகம் இறுகிவிடும். நான்கு வருடங்களாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. சிநேகிதன் ஒருவன் சிமுலேட்டர் சி.டி.யைக் கொடுத்ததும் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு மலைப்பாதையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு எழுந்துவிட்டான்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா எந்த ஊரோ என்னமோ. நம்ம பாதையப் போடு, ஓட்டுறேன். வாடிப்பட்டி அத்தை வீட்டுக்குப் போறப்ப அந்த ஒம்போது கண் பாலத்துல ஏறுனதும் ஒரு சத்தம் வருமே, அது வேணும்."

நான்கு வருடத்தில் ரயிலைப் பற்றி அவனாக வாயைத் திறந்து கேட்டது அதுதான். எனக்கு அது போதும். மதுரையிலிருந்து அந்தப் பாலம் வரைக்கும் பாதை போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

தண்டவாளம் போடுவது சுலபம். தட்டையான பூமி, இழுத்தால் போகிறது. பாலத்தில்தான் வந்தது வினை. முதலில், இருக்கிற பாலம் ஒன்றை வைத்து ஒப்பேற்றப் பார்த்தேன். வெயில் கொளுத்துகிற பொட்டலில், சீமைக் கருவேலத்துக்கு நடுவே, விளிம்பெல்லாம் பனி அப்பிய பாலம் வந்து நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு பைக்கில் பாலத்துக்கே போனேன். ஓடைக்குள் இறங்கி எண்ணினால் ஏழு கண்தான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன், ஏழுதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கிட்டே வந்தார்.

"என்ன தம்பி அளக்குறீக? பாலத்த மாத்தப் போறாகளா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர்ல இதே மாதிரி ஒண்ணு கட்டப் போறேன்."

"எதுக்கு? அதான் இங்கன ஒண்ணு இருக்கே."

நான் பேச்சை மாற்றினேன். ஒன்பது கண் என்றார்களே என்று கேட்டேன். "தண்ணி போற கண்ணு ஏழு. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு மண்ணு மூடிக் கெடக்கு" என்று கருவேலப் புதரைக் காட்டினார். முள்ளுக்குள் புகுந்து அதையும் அளந்தேன். கையெல்லாம் கீறல்.

அளவு கிடைத்துவிட்டது, கட்டத் தெரியவில்லை. இணையத்தில் இந்தச் சிமுலேட்டர் பித்துப் பிடித்தவர்கள் கூடும் மன்றம் ஒன்று இருந்தது. அதில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர், கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பாலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவருக்கு என் ஆங்கிலத்தில் விவரமாக எழுதினேன். எனக்கு ஒன்பது கண்கள் உள்ள பாலம் வேண்டும். கண்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுவில் உள்ள ஏழு கண்களில் மட்டும் மழைக்காலத்தில் தண்ணீர் வரும். ஓரத்துக் கண்கள் இரண்டும் மண் விழுந்து மூடிவிட்டன.

அது கோவில் பாலமா என்று மரியாதையாகக் கேட்டு அவர் பதில் போட்டார். எனக்கு எரிச்சல். இல்லை ஐயா, எங்கள் ஊரில் எல்லாப் பாலத்துக்கும் கண் உண்டு, இது சாதாரணக் கண்தான் என்று திருப்பி எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாலம் வந்தது. நீளமான கல் சுவர். அதில் வரிசையாக ஒன்பது வட்டத் துளைகள். ஒவ்வொன்றின் மேலும் இமை மாதிரி ஒரு வளைவு. நடு ஏழிலிருந்தும் கண்ணீராகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டும் மூடியிருந்தன. அந்த மனுஷன் ஒன்றைக்கூட விடவில்லை, நான் எழுதியதை எழுதியபடியே கட்டியிருந்தார். தூணுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள இடைவெளிக்குக் கண் என்று பெயர் வைத்தது நாம்தான், ஊர் உலகம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி தலையில் அடித்துக்கொண்டேன். விளக்கிச் சொல்ல முகம் இல்லை. மிக்க நன்றி, மிகப் பிரமாதம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நானே கட்டுவது என்று இறங்கினேன். மூன்று பரிமாண வரைகலை மென்பொருளைத் தட்டுத் தடுமாறிக் கற்றேன். தூண் வந்தால் உத்திரம் வரவில்லை. உத்திரம் வந்தால் கரண்ட் போனது. ஒருவழியாகப் பாலத்தைக் கொண்டுபோய்ப் பாதையில் வைத்தால், என்ஜின் அதன் மேல் ஏறாமல் ஊடுருவி ஓடைக்குள் போய்ச் சேர்ந்தது. சரிசெய்தால் சக்கரம் தண்டவாளத்துக்கு ஒரு சாண் மேலே மிதந்தது. எத்தனை தடவை கீபோர்டைக் குத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. "அதப் போட்டு ஏன்டா அடிக்கிற, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். ஆனாலும் பாலம் எழுந்தது. மண் மூடிய கண் இரண்டையும், அண்ணன் கேட்ட சத்தத்தையும்கூட விடவில்லை.

சிக்னல் மட்டும் நான் வைக்கவில்லை. அவன் மனசு நோகும் என்று நினைத்தேன். அண்ணன் உட்கார்ந்து மதுரையிலிருந்து வண்டியை எடுத்தான். ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டான்.

"சிக்னல் எங்கடா?"

"நேரமில்லண்ணே. அப்புறம் வைக்கிறேன்."

"பொய் சொல்லாத. இம்புட்டு செஞ்சவனுக்கு அதுக்கா நேரமில்ல? போய் வை."

அடுத்த வாரமே வைத்தேன். பாலத்துக்குச் சற்று முன்னால் ஒன்று வரும். முன்னே போகும் சரக்கு வண்டிக்காக அது சிவப்பில் நிற்கும்படி செய்தேன். அங்கே நிறுத்திவிட்டு என் பாலத்தை அவன் ஆற அமரப் பார்க்கட்டும் என்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை.

ஞாயிறு மத்தியானம் மறுபடி உட்கார்ந்தான். அம்மாவும் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கிளம்பியது முதல் எல்லாச் சிக்னலும் பச்சை. அவன் வண்டியை எடுத்த விதமும் ஹாரன் கொடுத்த விதமும் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. சமயநல்லூர் போனது. தூரத்தில் பாலம் தெரிந்தது. சிக்னலும் தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசியில் பிடிப்பான் போல என்று நினைத்தேன்.

"செகப்பு எரியுதேப்பா" என்றாள் அம்மா.

"எங்கம்மா?"

அதற்குள் தாண்டிவிட்டான். சிமுலேட்டர் வண்டியைத் தானே நிறுத்தி, அபாய சிக்னலைக் கடந்துவிட்டீர்கள், ஓட்டம் முடிந்தது என்று ஒரு கட்டம் போட்டது. என்ஜின் மண் மூடிய முதல் கண்ணின் மேல் நின்றது.

அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவன் கண் கோளாறை அவனுக்குக் காட்டுவதற்கா நான் ஒரு வருடம் முட்டி மோதினேன்?

"பாவம்டா அந்த டாக்டரு" என்றான் அண்ணன். "அஞ்சு வருசமா அவர என்னா திட்டு திட்டிருக்கேன்."

எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழவில்லை.

"மொதல்லேர்ந்து போடு. நீ பக்கத்துல உக்காந்து கலரச் சொல்லு."

போட்டேன். மதுரை ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்தது. முதல் சிக்னல் வந்தது. பச்சைதான். அண்ணன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பச்சை என்று சொல்ல விட்டுவிட்டேன்.

அவன் பிரேக்கைப் பிடித்து, சிக்னலுக்கு முன்னால் வண்டியைச் சரியாக நிறுத்தினான்.