புளி போட்டுத் தேய்த்த பூச்சாடி

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். ஆறேகாலுக்குத் தேநீர். ஏழு மணிக்குக் குப்பைப் பெட்டியை வெளியே வைத்தேன். நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மறுநாள் என் மனைவி வதனியின் அந்தியேட்டி. அவள் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. உதவிக்கு நகரின் மறுகோடியில் உள்ள பியர்பொன்ட்சிலிருந்து என் அக்கா எங்கள் வில்லரே வீட்டுக்கு வந்திருந்தார். பத்தரைக்கு நான் கடைக்குப் போய், வாழையிலையோடு பதினொன்றரைக்குத் திரும்பினேன். குசினியில் குத்துவிளக்கும் செம்புகளும் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவற்றின் நடுவே அந்தப் பூச்சாடி.

வதனி வேலைக்குப் போய்ப் பராமரித்த ஒரு வயதான ஜப்பானிய அம்மா கொடுத்தது அது. செம்பில் சிறிது பொன் கலந்து, மருந்துநீரில் வேகவைத்துக் கறுப்பாக்கிய பழைய சாடி. பொன்னால் ஒரு நாரை, வெள்ளியால் நாணல்கள், உலோகத்தை வெட்டிப் பதித்தவை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில், கிரீம் பூசிய கையோடு வதனி அதை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். அவளுடைய பெருவிரல் அடையாளம் அந்தக் கறுப்பில் படிந்திருந்தது. முப்பது நாளாக நான் அதில் தூசிகூடத் தட்டவில்லை.

"பார் தம்பி, என்ன மினுக்கம் எண்டு! வதனி நல்லாக் கரிபிடிக்க விட்டிருக்கிறாள்."

"அக்கா, கறுப்புத்தான் அதின்ர நிறம்."

"ஆர் கண்டது? விளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சுப்போட்டன்."

சாடி ரோஸ் நிறத்தில் பளபளத்தது. விரலடையாளம் இல்லை. அக்காவிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை, அன்று கத்தினேன். அவர் அழுதபடி அதைத் துணியால் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். அதன்பிறகு இருவருமே அதைத் தொடவில்லை.

பிற்பகல் மூன்று இருபதுக்கு அக்கா கூப்பிட்டார். "தம்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா. இது ஆற்ற கை?"

சாடியின் இரு பக்கங்களிலும் கறுப்பாகப் பத்து விரல்கள். ஒருவர் இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டுவதுபோல.

"உங்கட கையை வையுங்கோ," என்றேன். அக்காவின் விரல்கள் குட்டை. என்னுடையவை தடிப்பு. ஒன்றும் பொருந்தவில்லை.

"அவள் கோவிக்கேல்லை," என்றார் அக்கா. "தந்திட்டுப் போறாள்."

பல நாள் கழித்து, பழைய உலோகங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். தேய்த்த செம்பு கைபடப் படத் தானாகக் கறுக்கும், ஆனால் மாதக்கணக்கு ஆகும் என்றார். நாலு மணித்தியாலத்தில் நடந்தது என்றேன். மரியாதையாகச் சிரித்தார்.

அந்தியேட்டி நாள், புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஐயர் வருமுன், விளக்கேற்றுமுன், முதல் வேலையாகக் கைகழுவித் துடைத்துக்கொண்டு, அவள் விரல்களுக்கு இடையில் என் விரல்களை வைத்துச் சாடியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அப்படித்தான் ஏந்துகிறேன். என் கை பட்ட இடம் இன்றுவரை கறுக்கவில்லை.