லாக்கருக்குள் அடித்த போன்

முப்பத்தெட்டு. கடந்த பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பிற்பகல், ஓசூர் சிப்காட்டில் உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் ரத்தினவேலின் நாடி நிமிடத்துக்கு அத்தனை முறைதான் துடித்தது. வயது நாற்பத்திரண்டு. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் பதினாறு வருட வேலை. இடது தாடை உடைந்து, வாய் நிறைய ரத்தம். வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று அவர் தலையசைத்தார்.

அப்போது அவர் உடம்பில் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று தொழிற்சாலைக்குத் தெரியக்கூடாது என்று அவர் நான்கு வருடங்களாக மறைத்து வந்தது. இன்னொன்று எந்த மருத்துவரும் அவருக்கு எழுதிக் கொடுக்காதது. கனவுக்காக வாங்கியது.

ரத்தினவேல் ராஜபாளையம் பக்கத்துக்காரர். மாமன் மகள் பவளத்தைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தார். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. பவளம் கெலமங்கலம் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது மாதத்தில் ஒரு வாரம் நடக்கும். ரத்தினவேலின் ஷிப்ட் அப்படி. ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் காலை.

பிரஸ் ஷாப்பில் போனுக்கு அனுமதி இல்லை. நுழைவாயிலை ஒட்டிய அறையில் ஆளுக்கொரு இரும்பு லாக்கர். போனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். மெஷினுக்கு முன்னால் நிற்பவன் கண் ஒரு நொடி போனுக்குப் போனால் விரல் போய்விடும் என்பதற்காக வந்த விதி அது. நியாயமான விதி என்றுதான் ரத்தினவேலும் சொல்கிறார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அவர் மாலை ஷிப்டில் இருந்த ஒரு நாள், பவளத்துக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. வீட்டுக்காரம்மா சென்னம்மா மாடியில் துணி எடுக்கப் போனபோது, படிக்கட்டில் போனும் கையுமாக பவளம் சரிந்து கிடந்தார். தொழிற்சாலை கேட்டின் எண் ரத்தினவேலின் அடையாள அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. அட்டை தொழிற்சாலைக்குள் ரத்தினவேலின் கழுத்தில் இருந்தது. சென்னம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஷிப்ட் முடிந்து ரத்தினவேல் லாக்கரைத் திறந்தபோது பவளத்தின் எண்ணிலிருந்து மூன்று தவறிய அழைப்புகள் இருந்தன. அதற்கு மேல் சென்னம்மாவின் அழைப்புகள். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பவளம் வேலை நேரத்தில் அவரைக் கூப்பிட்டதே இல்லை. போன் பூட்டிக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார் என்றால் ஏதோ சொல்ல நினைத்திருக்கிறார். என்ன சொல்ல நினைத்தார்? ரத்தினவேலின் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் போய் நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

சொன்ன முதல் ஆள் விமல்ராஜ். தர்மபுரி பக்கத்துப் பையன், வயது இருபத்தாறு, தரப் பரிசோதனைப் பிரிவு. ஒரு தேநீர் இடைவேளையில் அவன் தன் கனவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கனவு நடக்கும்போதே இது கனவு என்று தெரிந்துவிடுமாம். அதன் பிறகு நினைத்த இடத்துக்குப் போகலாம், நினைத்த ஆளைக் கூப்பிடலாம், பேசலாம். அவன் பெரும்பாலும் பறக்கத்தான் செய்வானாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரத்தினவேல் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, செத்தவர்களைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றான் விமல்ராஜ். அந்தப் பதிலைச் சொல்லும் முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறான்.

வழி எளிது. பகலில் அடிக்கடி மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். விழித்திருந்தால் மூச்சு வராது. கனவில் வரும். இது பழக்கமாகிவிட்டால் ஒருநாள் கனவிலும் கை தானாக மூக்குக்குப் போகும், அப்போது பிடிபட்டுவிடும். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான் விமல்ராஜ். ரத்தினவேல் லாக்கரைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு முறை லாக்கரைத் திறக்கும்போதும் மூக்கைப் பொத்தினார்.

“ஏண்ணே, நம்ம லாக்கர் அவ்ளோ நாத்தமா அடிக்குது?” என்று கேலி செய்தான் அடுத்த லாக்கர்க்காரன் திம்மராயன். “சாக்ஸ வேணா மாத்திக்கறேன், சொல்லு.”

நான்கு மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணம் இருந்தது. இந்தப் பழக்கத்துக்கு முதல் தேவை ஒழுங்கான தூக்கம். விடியலை ஒட்டி வரும் நீண்ட கனவுகளில்தான் இது கைகூடும். ரத்தினவேலின் விடியல் வாராவாரம் இடம் மாறியது. ஒரு வாரம் அந்த நேரத்தில் பஸ்ஸுக்காக நிற்பார். இன்னொரு வாரம் மெஷின் முன்னால் நிற்பார்.

இணையத்தில் தேடியபோது மாத்திரைகள் கண்ணில் பட்டன. கனவை நீட்டித் தெளிவாக்கும் என்று விற்கப்படும் கேப்சூல்கள். சத்து மாத்திரை மாதிரி அழகான டப்பா, டப்பாவில் நிலாப் படம். உள்ளே இருந்தது கேலன்டமைன். ஞாபகசக்தி அழிந்துவரும் முதியவர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து அது. அவர் விமல்ராஜிடம் கேட்டார். அவன் மறுத்தான்.

“புதுசா ஆரம்பிக்கிறவங்க அதத் தொடவே கூடாதுங்ண்ணா. நான் பழகி ரெண்டு வருசமாச்சு, நானே தொட்டதில்ல. மொதல்ல தூக்கம் சரியாவணும், கனவு ஞாபகம் நிக்கணும். அப்புறம் பாக்கலாம்.”

“உனக்கு ஜெனரல் ஷிப்டு தம்பி. காலைல வர்ற, சாயங்காலம் போற. நீ தூங்கிப் பழகலாம். என் தூக்கத்த கம்பெனி வாரா வாரம் மாத்துது. நான் எதப் பழக?”

அதன் பிறகும் ரத்தினவேல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் கழித்து விமல்ராஜ், அத்திப்பள்ளியில் இருக்கும் தன் நண்பனின் முகவரிக்கு வரவழைத்து டப்பாவைக் கேன்டீனில் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்கவும் செய்தான்.

“ஒண்ணு மட்டும் சொல்லிருங்கண்ணா. பிரஷர், ஹார்ட்டு, ஆஸ்துமா எதனா இருக்குதா?”

கேள்வி சரி. கேட்ட இடம்தான் தவறு. அதே மேசையில் எதிரே உட்கார்ந்து ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நமக்கா? கல்லு மாதிரி இருக்கேன்டா” என்றார் ரத்தினவேல்.

“வேலண்ணனுக்குப் பிரஷர் வந்தா அன்னிக்கு மெஷினே லீவு போட்ரும்” என்று சிரித்தார் ஆனந்தராஜ்.

அந்தத் தொழிற்சாலையில் ரத்த அழுத்தம் என்று தெரிந்தால் பிரஸ்ஸில் நிறுத்த மாட்டார்கள். பாக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரஸ்காரனுக்கு அது தண்டனை. இரவு ஷிப்டுக்குக் கிடைக்கும் படிப்பணம் போய்விடும் என்பது ஒரு பக்கம். பாக்கிங் என்றால் பெண்களும் கை நடுங்குகிறவர்களும் போகும் இடம் என்ற பேச்சு இன்னொரு பக்கம். அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளியே சொல்வதில்லை. வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின நாள் உப்பைக் குறைப்பார்கள், காபியை விடுவார்கள். மாத்திரையின் பெயர் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். ரத்தினவேலுக்கு அதைச் செய்து கொடுத்தது பவளம். பழைய இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டபடியே திட்டுவாராம்.

“பாக்கிங்ல போட்டா போடட்டுமே மாமா. கிரீடமா எறங்கப் போவுது?”

கேலன்டமைன் டப்பாவையும் ரத்தினவேல் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. நிலாப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேப்சூல்களை அதே இருமல் மிட்டாய் டப்பாவில் கொட்டினார்.

முதல் முறை இரவு ஷிப்ட் வாரத்தில். காலையில் வந்து தூங்கி, மதியம் அலாரம் வைத்து எழுந்து, கேப்சூலைப் போட்டு மறுபடி படுத்தார். குமட்டல் மட்டும் வந்தது. சில நாள் கழித்து இரண்டாம் முறை. அன்று கனவு வந்தது. லாக்கர் அறை. கை தானாக மூக்குக்குப் போனது. பொத்திய மூக்குக்குள் மூச்சு தாராளமாகப் போய் வந்தது. கனவு என்று தெரிந்துவிட்டது. லாக்கருக்குள் போன் அடித்தது. எடுத்தார். பவளத்தின் குரல்.

“மாமா, ஒண்ணு சொல்லணும்.”

அதோடு விழித்துவிட்டார். வாளியைத் தேடி ஓடி வாந்தி எடுத்தார். தலை சுற்றியது. அன்று மாலை முழுக்க சந்தோஷமாக இருந்ததாகச் சொல்கிறார். மனைவி இறந்த பிறகு வந்த முதல் சந்தோஷம் அது. தலைச்சுற்றலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கனவு நீடித்திருந்தால் போதும் என்பதுதான் அவர் கணக்கு.

பிப்ரவரியில் அந்தத் திங்கட்கிழமை, முந்தின வார இரவு ஷிப்டின் தூக்கம் உடம்பில் இன்னும் மிச்சம் இருந்தது. காலையில் படுத்தார். நடுவில் எழுந்து இந்த முறை இரண்டு கேப்சூல்களை விழுங்கினார். கனவே வரவில்லை. மதியம் எழுந்து, சாப்பிட்டு, எப்போதும் போல பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு மாலை ஷிப்டுக்குப் போனார். லாக்கரைத் திறந்து, மூக்கைப் பொத்தி, மூச்சு வராததைப் பார்த்துவிட்டு லைனுக்குள் நுழைந்தார்.

மெஷினை ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. முன்பக்கமாகச் சரிந்தார். மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. அதை எது குறுக்கிட்டாலும் பிரஸ் நின்றுவிடும். நின்றது. அதனால் தலை தப்பியது. முகம் மெஷினின் இரும்பு விளிம்பில் மோதியதில் தாடை இரண்டு இடங்களில் உடைந்தது. நான்கு பற்கள் போயின.

டிபன் பையில் இருந்த டப்பாவை நர்ஸ் திறந்து பார்த்தார். வெள்ளை வட்ட மாத்திரைகள், அவற்றோடு கலந்து கேப்சூல்கள். எதிலும் பெயர் இல்லை. விமல்ராஜ் ஓடிவந்து கேப்சூல் என்ன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டான். வெள்ளை மாத்திரை என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பணியில் இருந்த மருத்துவர் பிரியதர்ஷினி அதே கேள்வியைக் கேட்டார். ரத்தினவேல் மறுபடியும் இல்லை என்று தலையசைத்தார். கட்டில் ஓரத்தில் ஆனந்தராஜ் நின்றுகொண்டிருந்தார். மருத்துவர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் கேள்வியைத் திரும்பக் கேட்டார். இப்போது ரத்தினவேல் ஆமாம் என்று தலையசைத்தார்.

மருத்துவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். கேலன்டமைன் இதயத் துடிப்பைக் குறைக்கக் கூடியது. ரத்தினவேல் சாப்பிட்ட வகை பிரஷர் மாத்திரையும் துடிப்பைக் குறைப்பது. இரண்டும் சேர்ந்தால் ஆள் மயங்கி விழலாம். இதயம் நின்றும் போகலாம். இதைச் சொல்ல ஒரு மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த டப்பாவை வாங்கும் வழியில் எங்கும் மருத்துவர் இல்லை. பழகியவர்களுக்கும் இது ஆபத்துதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. தலைச்சுற்றலும் குமட்டலும் எச்சரிக்கை என்று அவருக்குத் தெரியாது. கனவு பலிக்க ஆரம்பித்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்வார். தூக்கம் கெட்டவர்தான் மாத்திரையைத் தேடி வருவார். தூக்கம் கெட்டவருக்குத்தான் அது கூடவே கூடாது.

விமல்ராஜ், இப்படிக் கனவு பழகுகிறவர்கள் இணையத்தில் கூடும் தன் குழுவில், புதியவர்கள் யாரும் கேப்சூல் பக்கம் போக வேண்டாம், எங்கள் கம்பெனியில் ஒருவர் சாகப் பார்த்தார் என்று எழுதினான். அதற்கு வந்த முதல் பதில், எந்த பிராண்ட் ப்ரோ என்பது.

ரத்தினவேலுக்கு மருந்துகள் உடம்பை விட்டு இறங்கியதும் நாடி பழையபடி ஆனது. தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பேச முடியாமல் கிடந்த நாட்களில் அவர் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறார். கம்பி பிரித்த பிறகு, பார்க்க வந்த விமல்ராஜிடம் சொன்னார்.

“குரல் அவளோடதுதான்டா. வார்த்தைதான் யாரோடதுன்னு தெரியல. அவ சொல்ல வந்தது எனக்கே தெரியாதுல்ல. தெரியாதத என் கனவு எங்கருந்து எடுத்துச் சொல்லும்?”

 இது புரிந்துவிட்டதால் அவர் விட்டுவிடுவார் என்று விமல்ராஜ் நினைத்தான். ஆனால் மறு பரிசோதனைக்குப் போன நாளில், பிரஷருக்கு வேறு வகை மாத்திரை கொடுத்தால் அந்தக் கேப்சூலை இன்னும் ஒரே ஒரு தடவை போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். கூடாது என்று பிரியதர்ஷினி சொன்னார். சரிங்க என்றார். 

தொழிற்சாலை அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. பிரஸ் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி, பாக்கிங் பிரிவுக்கு மாற்றியிருக்கிறது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை, எல்லா வாரமும் அதே நேரம். லாரி டிரைவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதால், அந்தப் பிரிவில் யாரும் போனை லாக்கரில் வைப்பதில்லை.