ஓசி டீச்சரின் இருபத்துமூன்று தவறுகள்

'ஓசி டீச்சர்' என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் கணக்கு சார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் வாய் சும்மா இருக்காது. ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்ததுமே, "இன்னிக்கு என்ன ஓசில கெடச்சுது, டீச்சர்?" என்பார். "உங்க பின்னக் கணக்குக்குத்தான் சார். திரையில ஒரு வட்டம் இருக்கு, இழுத்தா அரை, கால்னு தானா வெட்டிக் காட்டுது. வேணுமா, வேணாமா?" என்பாள் அவள். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறாள். ஆய்வுக்கூடம் என்று கதவில் எழுதிய அறையில் கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இருந்த ஒரே நுண்ணோக்கியும் கண்ணாடி உடைந்துபோனபோது எழுதிக் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். மூன்றாவது வருஷம் அவள் கேட்கவில்லை. 'நீங்க கிழிச்சது போதும்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வெங்காயத் தோலின் செல்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு இணையதளம் கிடைத்தது. இலவசம். எங்கேயோ யாரோ உட்கார்ந்து, யார் பெற்ற பிள்ளைக்கோ இதைச் செய்து வைத்திருக்கிறார் என்பதை அவளால் கொஞ்ச நேரம் நம்பவே முடியவில்லை.

அப்புறம் ஒன்றைத் தொட்டு ஒன்று. கண்ணாடிக் குவளை உடையாமல் திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைகள். விடையைத் தானே திருத்தி, எத்தனை பிள்ளைகள் எந்தக் கேள்வியில் வழுக்கி விழுந்தார்கள் என்று காட்டுகிற வினாத்தாள். கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைக்கிற படங்கள். அந்த நிபந்தனையை அவள் மதித்தாள். வாயில் நுழையாத பெயர்களைக்கூட எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படத்துக்கு அடியில் அடித்தாள்.

இதையெல்லாம் சேர்த்து ஏழாம் வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். நூற்றுக்கு மேல் வினாத்தாள்கள். பிள்ளைகளின் வீடுகளில் இருப்பது அப்பாவின் பழைய போன் அல்லது திரை விரிசல் விட்ட அம்மாவின் போன். அதிலும் திறக்க வேண்டும் என்பதற்காக வீடியோவே வைக்கவில்லை. படங்களையெல்லாம் சுருக்கிப் போட்டாள். கிடைக்காத படத்தை வீட்டிலேயே எடுத்தாள். பக்கத்தின் அடியில் மூன்று வரி: யாரும் பயன்படுத்தலாம். எங்கே எடுத்தது என்று சொல்லுங்கள். விற்கக் கூடாது.

அவசரத்தில் விடைகளைக் குறித்ததில் முதல் வருஷம் தவறுகள் இருந்தன. ஒலி எதில் வேகமாகப் போகும் என்ற கேள்விக்கு இரும்பை விட்டுவிட்டுக் காற்றைச் சொடுக்கியிருந்தாள். கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். "டீச்சர், நான் சரியா போட்டேன், அது தப்புங்குது" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அன்றிலிருந்து ஒரு நீள நோட்டுப் போட்டாள்: எந்தக் கேள்வி, என்ன தவறு, யார் கண்டுபிடித்தது, என்றைக்கு. மூன்று வருஷத்தில் இருபத்துமூன்று. எல்லாவற்றையும் பக்கத்தில் திருத்தியாகிவிட்டது.

இந்த வருஷம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், பயிற்சி என்று எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகம் புதிதாக ஒரு ஆப் வாங்கியிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இனி அதில்தான் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். காகிதக் கப்பில் டீ கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார்.

"எங்க நிபுணர் குழு பதினெட்டு மாசம் ராப்பகலா உழைச்சு உருவாக்கினது இது. ஏழாம் வகுப்பு, வெப்பம் பாடத்தை ஒரு சாம்பிளுக்குப் பாக்கலாமா?" என்று சொல்லிக் கோட்டுக்காரர் பொத்தானை அமுக்கினார்.

திரையில் ஒரு குக்கர் வந்தது. கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிய குக்கர். பின்னால் ஜன்னல் கம்பியில் அவள் மகள் மாட்டிவைத்த மஞ்சள் ஹேர்பேண்ட்.

அவள் டீக் கப்பைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

'குக்கரில் உணவு ஏன் சீக்கிரம் வேகிறது?' என்று கேள்வி. கோட்டுக்காரர் விடையைத் தொட்டார்: 'தீ அதிகமாக எரிவதால்.' டிங் என்று மணி அடித்து ஒரு நட்சத்திரம் குதித்தது.

அவள் எழுந்து நின்றாள். "சார், அந்தக் குக்கர் என்னோடது."

கூடத்தில் சிரிப்பு. கோட்டுக்காரரும் சிரித்தார். "எல்லார் வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும் மேடம்."

"மாதிரி இல்ல. என்னோடதுதான். அந்த டேப்பைச் சுத்தினது என் வீட்டுக்காரர். கேள்வியும் நான் எழுதினது. அந்த விடையும் நான் போட்டதுதான். தப்பான விடை. உள்ள அழுத்தம் கூடுறதால தண்ணி நூறு டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், அதனால வேகுது. தீ எரியறதால இல்ல. நான் ரெண்டு வருஷம் முன்னாடியே திருத்திட்டேன். உங்க நிபுணர் குழு அதுக்கு முன்னாடியே வந்து வாரிக்கிட்டுப் போயிருக்கு."

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியை நாற்காலியில் நெளிந்தார். "டீச்சர், உட்காருங்க. கேள்வி நேரம் கடைசியில இருக்கு."

அவள் சுற்றிப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் பதினோரு பேர் அவள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து வகுப்பு நடத்தியவர்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பி நன்றி சொல்லியவர்கள். பதினோரு பேரும் காகிதக் கப்புக்குள் எதையோ தொலைத்தவர்களைப் போலக் குனிந்திருந்தார்கள். கணக்கு சார் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஓசில குடுத்தா ஓசில எடுக்கத்தான் செய்வான், டீச்சர்."

"பிள்ளைங்களுக்குக் குடுத்தேன் சார். விக்கிறவனுக்குக் குடுக்கல. உங்களுக்கும் ஓசிலதான் குடுத்தேன், அதை மறந்துடாதீங்க" என்றாள். அவருக்குக் காது சிவந்தது. அவள் உட்கார்ந்தாள்.

பயிற்சி முடிந்ததும் தலைமையாசிரியையின் அறைக்குக் கூப்பிட்டார்கள். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார், பேச்சும் இறங்கியிருந்தது.

"மேடம், இன்டர்நெட்ல போட்டுட்டா அது பொதுச்சொத்து மாதிரிதானே. எங்க பசங்க எங்கேருந்தோ எடுத்திருப்பாங்க. விடுங்க. தப்பு இருக்குன்னு சொன்னீங்களே, எத்தனை?"

"நான் திருத்தினது இருபத்துமூணு."

"அதை மட்டும் ஒரு லிஸ்ட்டாக் குடுத்திருங்க. உங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் ஏற்பாடு பண்றேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள புகுந்து பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போனவன், திரும்பி வந்து, 'ஓட்டையா இருக்கு, அடைச்சுக் குடு'ன்னா நான் அடைச்சுக் குடுக்கணுமா?"

"டீச்சர்!" என்றார் தலைமையாசிரியை. "வார்த்தையை அளந்து பேசுங்க. நிர்வாகம் கையெழுத்துப் போட்டாச்சு. என் கையில ஒண்ணும் இல்ல. லிஸ்ட்டைக் குடுங்க. அப்புறம் உங்க பக்கம் ஒண்ணு இருக்கே, அதை வெள்ளிக்கிழமைக்குள்ள மூடிடுங்க. ஆப் இருக்கும்போது பிள்ளைங்க வேற எதையும் பாக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"அந்த ஆப் பழைய போன்ல தொறக்குமா மேடம்?"

தலைமையாசிரியை கோட்டுக்காரரைப் பார்த்தார். கோட்டுக்காரர், "புது மாடல் போனா இருந்தா நல்லது" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்தாள். மடித்தாள் என்பதைவிட அடித்தாள் என்று சொல்லலாம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் சட்டை என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டான். சொன்னாள். அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. குக்கர் திரைக்கு வந்ததை நினைத்து. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"நான் ரிப்பேர் பண்ண ஃப்ரிட்ஜை எவனாவது தூக்கிட்டுப் போய் எனக்கே வித்தான்னு வை, கம்ப்ரஸரைக் கழட்டி அவன் தலையிலயே போடுவேன். லிஸ்ட்டைக் குடுக்காத. கெடக்கட்டும் தப்போட. நாலு பேரு காறித் துப்பட்டும்."

கல்லூரியில் படிக்கும் மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "துப்பறதுக்குத் தப்புன்னு தெரியணும்ல அப்பா? அதுவரைக்கும் பசங்க அந்தத் தப்பை மனப்பாடம் பண்ணிட்டிருப்பாங்க" என்றாள்.

அதுதான் அவள் தொண்டையில் மாட்டிய முள். கொடுத்தால், திருடியவர்களுக்குக் கூலியில்லாத வேலைக்காரி. கொடுக்காவிட்டால், நட்சத்திரம் குதிக்கக் குதிக்கப் பிள்ளைகள் அவளுடைய பழைய தவறுகளையே படிப்பார்கள். யாரோ எழுதிய தவறு என்றால் தலையில் அடித்துக்கொண்டு போய்விடலாம். இது அவள் கை தவறிச் சொடுக்கியது. தன் கையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல இருந்தது.

"ஏம்மா, லிஸ்ட்டை அவங்களுக்குத்தான் குடுக்கணுமா?" என்றாள் மகள்.

அவள் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டாள். மகளின் போனில் ஆப்பைத் திறந்து நீள நோட்டோடு ஒப்பிட்டாள், இருபத்துமூன்றும் அப்படியே இருந்தன.

மறுநாள் மூன்றாம் பாடவேளை, ஏழாம் வகுப்பு. நீள நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கரும்பலகையை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தாள். இடப்பக்கம் 'ஆப் சொல்வது', வலப்பக்கம் 'சரியான விடை'. இருபத்துமூன்றையும் எழுதினாள். கடைசி வரிகளுக்கு இடம் போதாமல் எழுத்து எறும்பாகிவிட்டது.

"இதெல்லாம் யாரு தப்பாப் போட்டது டீச்சர்?" என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நான்தான் போட்டேன். கண்டுபிடிச்சது உங்க அக்காங்க, அண்ணனுங்க. நான் திருத்திட்டேன். என்கிட்டேருந்து எடுத்தவங்க திருத்தல. ஆப்புல நட்சத்திரம் வேணும்னா இடது பக்கத்தைத் தொடுங்க. பரீட்சையில வலது பக்கத்தை எழுதுங்க. வீட்லயும் இதைச் சொல்லுங்க."

அதே பட்டியலைப் பக்கத்தின் தலையிலும் போட்டாள். சாயங்காலத்துக்குள் அது அப்பாக்களின் போன்களிலும் அம்மாக்களின் போன்களிலும் சுற்றியது. அடுத்த நாள் காலையில் பள்ளி வாசலில் எட்டுப் பத்துப் பெற்றோர்கள். "எங்க வீட்டுப் போன்ல தொறக்கவே மாட்டேங்குது. தொறக்குற போன்லயும் தப்பு தப்பா இருக்காமே?" என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். காவலாளி, "எனக்குக் கேட்டைத் தொறக்க மட்டும்தாம்மா தெரியும்" என்று நழுவினார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையின் மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. பள்ளியின் அனுமதி இல்லாமல் நடத்திவந்த பக்கத்தை மூடிவிட்டேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"போட்டுருங்க டீச்சர். எனக்கும் வயசாச்சு, ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகணும். என்னைச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்க."

"சந்தி சிரிச்சது என்னாலயா மேடம்? பத்தொன்பது வருஷத்துல ஒரு நுண்ணோக்கி வாங்க முடியல. திருட்டுச் சரக்கை மட்டும் முன்பின் பாக்காம வாங்கிட்டீங்க."

தலைமையாசிரியையின் முகம் கறுத்தது. "கையெழுத்துப் போடலன்னா திங்கக்கிழமைலேர்ந்து ஏழாம் வகுப்பு உங்களுக்குக் கிடையாது. மூணாம் வகுப்புக்குப் போங்க. நிர்வாகம் சொன்னது."

ஏழாம் வகுப்பு. நாலு வருஷமாக வரிவரியாகக் கட்டியது. அவளுக்குக் கண் கலங்கியது. அழுதால் இவர்களுக்குக் கொண்டாட்டம் என்று பல்லைக் கடித்தாள்.

"மூணாம் வகுப்புக்கு அந்த ஆப் இருக்கா மேடம்?"

"இல்ல. ஆறுலேர்ந்துதான்."

"அப்ப மூணாம் வகுப்பையே குடுங்க."

தாளை அப்படியே மேஜைமேல் திருப்பித் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

ஏழாம் வகுப்பு அறிவியலைப் பயிற்சிக் கூடத்தில் குனிந்திருந்த பதினோரு பேரில் ஒருத்தியிடம் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன சின்னப் பெண். திங்கட்கிழமை காலையில் மாடிப்படியில் வழிமறித்து, "அக்கா, உங்க பக்கம்... இன்னும் இருக்குல்ல?" என்று கிசுகிசுத்தாள்.

"இருக்கு. எங்கயும் போகாது. தாராளமா எடுத்துக்க. ஆனா எங்கேருந்து எடுத்தன்னு பிள்ளைங்ககிட்ட சத்தமாச் சொல்லணும். இப்படிப் படிக்கட்டுல வந்து காதைக் கடிக்கிற வேலை வேணாம்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். சொல்வாளா மாட்டாளா என்று தெரியவில்லை. கணக்கு சார் எதிரே வந்தார். எப்போதும் கேட்கிறதைக் கேட்க வாயெடுத்தவர், அவள் பார்த்த பார்வையில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

மூன்றாம் வகுப்பில் நாற்பத்துமூன்று பிள்ளைகள். ஒருவன் டெஸ்க்மேல் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் ஒரே தண்ணீர்ப் பாட்டிலுக்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். "சத்தம் போடாம உட்காருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கியது. ஐந்து நாள் கோபமும் அதில் இருந்தது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும். நாற்பத்துமூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு விழித்தார்கள்.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.

"யார் யார் வீட்ல போன் இருக்கு? பழைய போனா இருந்தாலும் பரவாயில்ல. கையைத் தூக்குங்க."