கோளாறு எனக்கே இருக்கட்டும்

நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் உண்டானேன். அதற்கு முன் உண்டானது எதுவும் தங்கவில்லை. “அவ வயித்துல நிக்காது” என்று என் நாத்தனார், என் கணவரின் அக்கா, ஆட்டையாம்பட்டி வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அதனால் இந்த முறை, சேலத்துக்குப் புதிதாக வந்திருந்த ஸ்கேனுக்குப் போனோம்.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். என் கணவருக்கு லாரித் தொழில். அன்று பஸ் தவறிவிட்டதால் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு குழிக்கும் அலறினேன்.

“ஏனுங்க, மெதுவாப் போங்க. இங்கயே ஆயிரும்!”

“அடக்கு அம்மிணி, சீட்டு புதுசு.”

சிரித்துக்கொண்டேதான் போய்ப் படுத்தேன். திரையைப் பார்த்த டாக்டரம்மா கருவியை அதே இடத்தில் மறுபடி அழுத்திப் பார்த்தார். குழந்தையின் பின்கழுத்தில் நீர் கோத்ததுபோல் ஒரு வீக்கம். மெட்ராசுக்குப் போய், வயிற்றில் ஊசி போட்டுக் குழந்தையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். போனோம். ஊசியின் நீளத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவர் என் கணவர். நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி போனபோது மெட்ராஸ் டாக்டர் சொன்னார்: “குரோமோசோம் எண்ணிக்கை சரியா இருக்கு. ஆனா ரெண்டோட நுனி மட்டும் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறி ஒட்டியிருக்கு. ரொம்ப அபூர்வம்.”

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான். ஆனால் கேள்வி கேட்டது என் கணவர்தான்: “டயரை இடம் மாத்தி மாட்டுனாப்பலயிங்களா? வண்டி ஓடுமுங்களா?”

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இதே மாற்றம் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்தா அநேகமா பயமில்ல. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க. ரெண்டு பேர்கிட்டயும் இல்லேன்னா இது புதுசா உண்டானது. அப்ப என்னால உறுதி சொல்ல முடியாது.”

இருவரும் ரத்தம் கொடுத்தோம். திரும்பும் பஸ்சிலேயே சண்டை ஆரம்பித்தது.

“எனக்குத்தான் இருக்கும். தங்காமப் போனதெல்லாம் என் வயித்துலதானுங்க?”

“அட போ அம்மிணி. எங்கூட்டு ஆளுகள்ல ஒருத்தராவது நேரா இருக்கறாங்களா? என்ற ரத்தத்துலதான் இருக்கும்.”

“உங்க பெரியப்பாவைச் சொல்றீங்களா?”

“அவரு ஒருத்தரு போதாதா? நாய்க்கு வணக்கம் வெச்சுட்டுப் போறவரு!”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் பேசும்போது ஒளித்துவைத்த குறைகளையெல்லாம் இரண்டு குடும்பத்திலிருந்தும் போட்டி போட்டு அள்ளிக் கொட்டினோம். ஊர் வந்து சேர்ந்த பிறகும் இருவரும் விடவில்லை. கோளாறு எனக்கு இருக்கட்டும் சாமி என்று நான் கும்பிட்டால், பக்கத்தில் நின்று அவரும் அதையே கும்பிட்டார்.

முடிவு கேட்க மறுபடி மெட்ராஸ் போனோம்; கோளாறு அவருக்குத்தான் இருந்தது. டாக்டர் சொன்னதும் பரீட்சையில் பாசானவரைப்போல எழுந்து நின்று, “நெசமாங்களா?” என்றார். நான் சிரித்துச் சிரித்து, வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்பு தங்காமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்காகிட்ட நானே சொல்லிடறேன்” என்றார்.

மகள் பிறந்தாள், கழுத்தில் வீக்கம் இல்லாமல். கத்தலில் வார்டே விழித்தது. இப்போது அவள் ஓடி விளையாடுகிறாள். ஆனாலும் அவள் கழுத்தைத் துடைத்துவிடும்போதெல்லாம் என் விரல்கள் பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன.

அவள் பிறந்த அன்று குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனார் துணியை விலக்கிப் பார்த்து, “யாராட்டம்டா இருக்குது?” என்று கேட்டார்.

“மூக்கு அவ அம்மாவாட்டம்” என்றார் என் கணவர். “உள்ளுக்குள்ள அப்படியே என்னையாட்டம். உக்காருக்கா, சொல்றேன்.”